பச்சை பூசிய பள்ளம்

அத்தியாயம் 17

வில்லா டீன் வைத்த சோள ரொட்டி தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து லானி ஸ்டாம்பருக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

"தின்னு. வெறும் வயித்தோட போய் கோர்ட்டுல மயங்கி விழுந்து அதை வேற ஒரு கதையாக்காத," என்றாள் அவன் மனைவி.

"கோர்ட் இல்ல அது. விசாரணைக் கூட்டம்."

"கோர்ட் கட்டடத்துலதானே நடக்குது? உன்னை நிக்க வச்சுத்தானே கேக்கப் போறாங்க?"

லானி காப்பியை மட்டும் குடித்தான். அதுவும் கசந்தது.

மலைக்கும் மலைக்கும் நடுவே இடுக்கில் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாரோ கவுண்டி என்கிற அந்தச் சின்ன மாவட்டத்தில் செல்ஃபோன் டவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எல்லோரும் லானியிடம்தான் வருவார்கள். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவனுக்கு வயிற்றுப்பாடு. டவர் பார்ப்பது பித்து. பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை வந்தால் டிரக்கில் மூன்று கம்பெனிக்கு மூன்று ஃபோனை நட்டுவைத்துக்கொண்டு மலைச்சாலைகளில் ஊர்ந்துகொண்டே இருப்பான். சிக்னல் எவ்வளவு, எந்த டவரிலிருந்து வருகிறது, என்ன வேகம் என்று அந்த ஃபோன்கள் நொடிக்கு நொடி குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அதையெல்லாம் இணையத்தில் இருக்கும் பொது மேப்பில் ஏற்றுவான். சிக்னல் கிடைக்கும் சாலை பச்சையாகும், கிடைக்காதது சிவப்பாகும். புது டவர் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி இறங்கி நின்று மேலும் கீழும் பார்த்துப் படம் எடுக்காமல் நகரமாட்டான்.

அவனைப் போல நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் அளந்து பூசிய சாலையை இன்னொருவர் மறுபடி அளப்பதில்லை. அப்படிச் செய்தால் "உன்னை நம்பவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. ஹாரோ கவுண்டியின் சாலைகள் அத்தனையும் லானி பூசியவை. அதனால் வேறு யாரும் அங்கே ஃபோனை நீட்டவில்லை.

அந்த மரியாதைதான் வினையாகிப்போனது.

ஸ்லேட் பிராஞ்ச் பள்ளம் இரண்டு வருஷமாக அந்த மேப்பில் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையைக் காட்டித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் லானி தன் அக்கா புருஷனிடம், "இன்னும் எதுக்கு டெல்மர் அந்த ஓட்டை லைனுக்குப் பணம் கட்டிட்டு இருக்கீங்க? உங்க கொட்டகை வரைக்கும் டவர் இருக்கு பாருங்க," என்றான். டெல்மர் காடில் பார்த்தார். வீட்டு ஃபோனை வெட்டினார். அதோடு கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த ஃபோனும் போனது.

போன அக்டோபரில் கொட்டகைக்குக் கீழே டிராக்டர் புரண்டது. நொறுங்கிய காலை இழுத்துக்கொண்டு டெல்மர் கொட்டகை வாசல் வரை தவழ்ந்து வந்திருக்கிறார். தன் செல்ஃபோனில் அவசர எண்ணை நான்கு தடவை அழைத்திருக்கிறார். நான்கு தடவையும் போகவில்லை. வேலை முடிந்து அவர் மனைவி, லானியின் அக்கா வெர்னா வந்து பார்த்தபோது மணி ஏழு. உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

"விழுந்த அடியில ஃபோன் கெட்டுப்போயிருக்கும்," என்று சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவன் லானி. மேப் தப்பாக இருக்கும் என்று அவனுக்கு நினைக்கவே தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

டெல்மரின் மகள் மார்லீதான் செவ்வாய்க்கிழமை அந்த முதுகைக் காட்டினாள். இந்த விசாரணைக்காக அவள் பள்ளம் முழுக்கக் கால்நடையாக நடந்து, சாதாரண ஃபோனில் அளந்திருந்தாள். ஒரு இடத்தில்கூட டவர் எடுக்கவில்லை. "மாமா, உங்க அளவு எந்த நாள் எடுத்தது?" என்று கேட்டாள். லானி தேடிப் பார்த்தான். மார்ச் ஒன்பது.

மார்ச் ஒன்பது அவன் பேரன் வெஸ்லி பிறந்த நாள்.

அன்றைக்கு மகள் லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எந்த நிமிஷமும் அழைப்பு வரலாம் என்று லானி டிரக்கில் இருந்த பூஸ்டரைப் போட்டுவிட்டிருந்தான். கூரையில் ஒரு ஆன்டெனா, சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி, அவ்வளவுதான் அது. வெறும் ஃபோனுக்கு எட்டாத சிக்னலை இழுத்துப் பெருக்கிக் கொடுக்கும். அளக்கும்போது அதை அணைக்க வேண்டும் என்பது டவர் பார்ப்பவனுக்கு அரிச்சுவடிப் பாடம். அணைக்க மறந்தான். பையன் பிறந்த சந்தோஷத்தில் அப்படியே மேப்பில் ஏற்றினான். பள்ளம் பச்சையானது.

இது அவனுக்கும் வில்லா டீனுக்கும் மட்டும்தான் இதுவரை தெரியும்.

"நான் சொல்றதக் கேளு," என்றாள் வில்லா டீன், அவன் எதிரில் உட்கார்ந்து. "அங்க போயி எதையும் சொல்லாத. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டவர் கிடைச்சுது, இப்ப கிடைக்கலன்னு சொல்லு. அதைத்தானே வெர்னாவும் சொல்லச் சொல்றா?"

"அப்படிச் சொன்னா ஃபோன் கம்பெனி வக்கீலம்மா என் மேப்பையே எடுத்து நீட்டுவா. பள்ளத்துல டவர் இருக்குன்னு உங்காளே சொல்றானேன்னு கேப்பா. அரசாங்கப் பணம் வராது. புது டவர் வராது."

"வராட்டிப் போகட்டும். டவர் வந்தா டெல்மர் எழுந்து வரப் போறாரா?"

"அந்தப் பள்ளத்துல இன்னும் நாப்பது வீடு இருக்கு, வில்லா."

"நாப்பது வீட்டுக்காரங்க உனக்குக் கூடப் பொறந்தவங்களா? உனக்கு இருக்கறது ஒரே ஒரு அக்கா. இதைக் கேட்டா அவ உன் மூஞ்சியில முழிப்பாளா?"

லானி எழுந்து தொப்பியை எடுத்தான். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

கோர்ட் படிக்கட்டில் வெர்னா காத்திருந்தாள். லானியைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, ஊர்ப் பையன்களிடம் அவனுக்காகச் சண்டை போட்டவள். முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் வேலை செய்து சிவந்துபோன கைகளில் ஒரு கழுத்துப்பட்டையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"குனி," என்றாள்.

"என்ன வெர்னா இது?"

"டெல்மரோடது. கல்யாணத்துக்கும் சாவுக்கும்னு ஒண்ணுதான் வச்சிருந்தார். நீ என்னைக்கு ஒழுங்கா உடுத்திருக்க? பஸ்ஸுக்கு அடியிலேருந்து வந்தவன் மாதிரி நிக்கற. குனிடா."

அவன் குனிந்தான். அவள் முடிச்சுப் போட்டு, காலரைச் சரிசெய்து, மார்பில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"பயப்படாத. உள்ளதைச் சொல்லு, போதும். டவர் இருந்துது, அவங்க கவனிக்காம விட்டுட்டாங்க, என் புருஷன் செத்தார். இதுக்கு மேல என்ன வேணும்?"

"வெர்னா, உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு..."

"அப்புறம். மணியாச்சு." அவள் படியேறிவிட்டாள். பாதி வழியில் திரும்பி, "நீ மட்டும் இல்லன்னா இந்த ஏழு மாசம் நான் பைத்தியமாயிருப்பேன்டா," என்றாள்.

லானிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். ஸ்லேட் பிராஞ்ச்காரர்கள் முன் வரிசைகளைப் பிடித்திருந்தார்கள். மேடையில் கவுண்டித் தலைவர் ஹோபர்ட் நேப்பியரும் மூன்று உறுப்பினர்களும். எண்பதாவது வயதை எட்டிக்கொண்டிருந்த ஹோபர்ட்டுக்கு லானியை டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும். விஷயம் எளிமையானது. டவரே இல்லாத இடத்துக்குத்தான் மாநில அரசு டவர் கட்டப் பணம் தரும். ஏற்கெனவே இருக்கிறது என்று சாதிக்கிறது ஃபோன் கம்பெனி. இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். யார் சொல்வது சரி என்று இன்றைக்கு முடிவாகவேண்டும். இன்றைக்கு விட்டால் இந்தப் பணம் வேறு கவுண்டிக்குப் போய்விடும்.

மார்லீ முதலில் பேசினாள். இருபத்துமூன்று வயது, அப்பாவின் நெற்றி, அம்மாவின் நாக்கு. நூறு கஜத்துக்கு ஒரு படம் என்று ஃபோன் திரையையும் சாலையையும் சேர்த்து எடுத்திருந்ததைச் சுவரில் காட்டினாள். எல்லாப் படத்திலும் டவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. கடைசிப் படம் கொட்டகை வாசல்.

பிறகு கம்பெனி வக்கீல் மிஸ் ஆல்ட்ரிஜ் எழுந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தேன் தடவிய குரல்.

"காடில் குடும்பத்துக்கு என் வருத்தங்கள். ஆனா ஒருத்தர் ஒரே ஒரு நாள் நடந்துபோய் எடுத்த அளவு இது. அன்னைக்கு மழையோ, ஃபோன் பழசோ, யார் கண்டா? இந்தக் கவுண்டியிலேயே டவரைப் பத்தி அதிகம் தெரிஞ்சவர் யாருன்னு நான் விசாரிச்சேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. மிஸ்டர் லானி ஸ்டாம்பர். நாங்க அவரை எதிர்க்கவே இல்ல. அவரை நம்பித்தான் வந்திருக்கோம்."

சுவரில் மேப் வந்தது. ஸ்லேட் பிராஞ்ச் நெடுக இளநெல் வயல் போலப் பச்சை.

"இது அவர் அளந்தது. கம்பெனி அளந்தது இல்ல. இதைப் பத்தி அந்த மேப் பக்கத்துலயே அவர்கிட்ட ஒருத்தர் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கார். போன ஆகஸ்ட்ல. 'கிழட்டுக் கழுதை'ன்னு பேர் வச்சுக்கிட்ட ஒருத்தர்."

யாரோ சிரித்தார்கள். மிஸ் ஆல்ட்ரிஜ் தாளைப் பார்த்து வாசித்தாள்.

"கிழட்டுக் கழுதை எழுதறார்: 'ஐயா, ஸ்லேட் பிராஞ்ச் கொட்டகை வளைவுல உங்க மேப் பச்சையா இருக்கு. என் ஃபோன்ல ஒண்ணும் எடுக்க மாட்டேங்குது. ஒரு தடவை பார்க்க முடியுமா?' அதுக்கு மிஸ்டர் ஸ்டாம்பர் எழுதின பதில்: 'பதினோரு வருஷமா அளக்கறேன். மேப் பொய் சொல்லாது. ஃபோனை மாத்துங்க. அப்பவும் தெரியலன்னா மூக்குக் கண்ணாடியை மாத்துங்க.'"

கூடம் கொல்லென்று சிரித்தது. லானி என்றால் அப்படித்தான், அந்த வாய்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்லேட் பிராஞ்ச்காரர்கள்கூடச் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். லானி அந்தப் பதிலை எழுதியதையே மறந்திருந்தான். அப்படி எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறான்! எழுதிவிட்டு, மேப்காரர்கள் போடும் சிரிப்புப் பொம்மைகளை எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

"லானி," என்றார் ஹோபர்ட். "இந்த அம்மா சொல்றதக் கேட்ட இல்ல? நீ என்ன சொல்ற?"

லானி எழுந்தான். கழுத்தில் டெல்மரின் பட்டை இறுகியது. முன் வரிசையிலிருந்து வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். சொல்லுடா என்பதுபோலத் தலையசைத்தாள்.

வில்லா டீன் கற்றுக்கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிடைத்தது, இப்போது இல்லை. அதைச் சொன்னால் டவர் போகும், அக்கா இருப்பாள். இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கொட்டகை வாசல் படம் சுவரில் வந்தபோது முன் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டிருந்தான். அவள் வீடு கொட்டகையைத் தாண்டி மூன்றாவது வீடு.

"அந்தப் பச்சை பொய்," என்றான்.

"என்னது? சத்தமா சொல்லு."

"அந்தப் பள்ளத்துல டவர் கிடையாது, ஹோபர்ட். இப்பவும் கிடையாது, அப்பவும் கிடையாது. நான் அளந்த அன்னைக்கு டிரக்ல பூஸ்டர் ஓடிக்கிட்டிருந்துது. அணைக்காம அளந்தேன். பெட்டி இழுத்துக் குடுத்த சிக்னலை எல்லாரோட ஃபோன்லயும் வரும்னு எழுதி வச்சுட்டேன்."

மிஸ் ஆல்ட்ரிஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"ரெண்டு வருஷமா தெரியாதது, சரியா விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சுதா? உங்க சொந்தக்காரங்க டவர் கேக்கறாங்க, அதுக்காகச் சொல்றீங்க."

"நான் அளந்த நாள் எம்பேரன் பொறந்த நாள்மா. மகளோட ஃபோனுக்காகத்தான் பெட்டியைப் போட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து எனக்கு அழைப்பு வந்தது எந்த இடத்துலன்னு நினைக்கறீங்க? காடில் கொட்டகை வளைவுல. வெறும் ஃபோன்ல அங்க அழைப்பே வராது."

"அப்படின்னா உங்க மேப்ல இருக்கற மத்த எதையும் நம்ப முடியாதுன்னு ஒத்துக்கறீங்களா?"

பதினோரு வருஷம். லானி அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்தான்.

"ஒத்துக்கறேன்," என்றான்.

ஹோபர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுப்பினர்களோடு குனிந்து ஏதோ பேசினார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. லானியின் மேப்பைக் கணக்கில் எடுக்கவேண்டாம், மார்லீ அளந்ததை எடுத்துக்கொள்ளலாம், ஸ்லேட் பிராஞ்சுக்கு டவர் வேண்டும் என்று மாநிலத்துக்கு எழுதலாம். நான்கு பேரும் ஒரே வாக்கு.

கூடம் எழுந்து கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். கர்ப்பிணிப் பெண் அழுதாள். அத்தனை பேருக்கு நடுவில் வெர்னா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. திட்டு வாங்குவதற்கு லானி தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

வெளியே புல்வெளியில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "டெல்மர் இருந்தா இன்னைக்குப் பூரிச்சுப் போயிருப்பார்," என்றார்கள். அவள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள். கடைசி ஆள் காரில் ஏறிப் போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு, மரத்தடியில் நின்ற தம்பியிடம் வந்தாள். மார்லீ இரண்டடி பின்னால்.

"வெர்னா, நான் காலையிலேயே சொல்ல வந்தேன்..."

"அந்தக் கிழட்டுக் கழுதை யார்னு தெரியுமா உனக்கு?"

லானி இல்லை என்று தலையாட்டினான்.

"அவருக்கு டைப் பண்ண வராது. தடிச்ச விரல். நான்தான் பக்கத்துல உக்காந்து அடிச்சேன். என் கையால."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"டெல்மரா?"

"நேர்லயே கேளுங்க, உங்க மச்சினன்தானேன்னு சொன்னேன். 'வேண்டாம் வெர்னா, அவன் மேப்ல தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொன்னா அவன் முகம் சுண்டிப்போயிடும். பேர் தெரியாம கேட்டா அவனே வந்து பார்த்துத் திருத்திக்குவான்'னார். உன் மனசு நோகக் கூடாதுன்னு தனக்குக் கழுதைன்னு பேர் வச்சுக்கிட்டார் அந்த மனுஷன்."

"எனக்குத் தெரியாது வெர்னா. சத்தியமா எனக்குத்..."

"ஃபோனை மாத்தச் சொன்ன. மாத்தினோம். நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். 'இப்ப கொட்டகையில எடுக்குதா?'ன்னு கேட்டேன். 'எடுக்குது'ன்னார். அவ்வளவு விலை குடுத்து வாங்கினது வீணுன்னு என்கிட்டச் சொல்ல அவருக்கு வாய் வரல. உனக்கும் சொல்லாம, எனக்கும் சொல்லாம அதைப் பையில போட்டுக்கிட்டே திரிஞ்சார். நான் நம்பினேன். ஏன்னா தம்பி சொல்லியிருக்கானே. மேப் பொய் சொல்லாதுன்னு!"

"என்னை அடிச்சுடு, வெர்னா."

"அடிச்சா உனக்குப் பாரம் குறைஞ்சுடும்." அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அந்த வாசல்ல உக்காந்து நாலு தடவை போட்டாரே, அப்ப என்ன நினைச்சிருப்பார்னு ஏழு மாசமா யோசிக்கிறேன். ஃபோனைத் திட்டியிருப்பார், கம்பெனியைத் திட்டியிருப்பார்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. அங்க எடுக்காதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டிருக்கார்."

லானியின் கண்கள் நிறைந்தன. அவள் அதைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் கண்ணில் நீர் வந்தால் தன் பாவாடையால் துடைத்துவிடுகிறவள். இப்போது கை எழவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை கல்லறைக்கு எல்லாரும் பூ வைக்க வருவாங்க. நீ வராத," என்றாள். "வில்லா டீனை அனுப்பு. பேரனை அனுப்பு. நீ வராத."

"எத்தனை நாளைக்கு?"

"அதை நீ கேக்காத."

அவள் காரை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றான். கார் கிளம்பிப் போனது.

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று எவன் சொன்னானோ, அவன் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். லானிக்கு நெஞ்சில் கருங்கல்லை ஏற்றி வைத்தது போலத்தான் இருந்தது. ஊருக்கு டவர் வரப்போகிறது. அந்த டவரிலிருந்து அவன் அழைத்தாலும் எடுக்க அக்கா இல்லை.

மார்லீ போகவில்லை. சற்றுத் தள்ளிக் கல் பலகையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்திருந்தாள். தன்னைத் தேற்றத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு லானி அருகில் போனான்.

"நீயாவது நின்னியே, கண்ணு."

"உங்களுக்காக நிக்கல," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பெட்டியை எப்ப அணைச்சீங்க, மாமா?"

"எந்தப் பெட்டி?"

"பூஸ்டர். மார்ச் ஒன்பதாம் தேதி போட்டீங்க. சரி. எப்ப அணைச்சீங்க?"

லானி நினைவை ஓட்டிப் பார்த்தான். அன்றைக்கு நேராக லெக்சிங்டனுக்கு ஓட்டினான். குழந்தையைப் பார்த்தான். மறுவாரம் திரும்பி வந்தான். அடுத்த சனிக்கிழமை மறுபடி அளக்கப் போனான். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். பெட்டி சீட்டுக்கு அடியில் இருக்கும். குனிந்து பார்த்தால்தான் விளக்கு தெரியும். குனிந்து பார்த்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

"இலையுதிர் காலத்துல டிரக்கை சுத்தம் பண்ணேன். அப்ப... அப்ப அணைஞ்சிருந்துதுன்னு நினைக்கிறேன்."

"மார்ச்லேருந்து இலையுதிர் காலம் வரைக்கும் ஆறு மாசம்," என்றாள் மார்லீ. திரையை அவன் பக்கம் திருப்பினாள். "அந்த ஆறு மாசத்துல நீங்க ஏத்தினது மட்டும் இது. எண்ணிப் பாருங்க. பத்தொன்பது சாலை. பத்தொன்பதும் பச்சை."

பெக் லிக். டர்க்கி நாப். ஹார்ஸ்பென் பள்ளம். ஒவ்வொரு பெயரையும் வாசிக்க வாசிக்க அங்கே இருக்கிற முகங்கள் அவன் கண்ணில் வந்தன. ஒவ்வொரு சாலையிலும் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஐஸ் போட்ட தேநீர் கொடுத்திருக்கிறார்கள். டவர்க்காரர் வந்திருக்கிறார் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"இதுல யார் யார்கிட்ட வீட்டு ஃபோனை வெட்டிடுங்கன்னு சொன்னீங்க?"

அவன் அந்தப் பெயர்களை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தான்.

"மாமா. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஓப்பல் ரிச்சி," என்றான் கடைசியில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஹார்ஸ்பென்ல கடைசி வீடு. தனியா இருக்காங்க. நெஞ்சுல கருவி வச்சிருக்காங்க. லைனை நானே கழட்டிக் குடுத்தேன். பழைய ஃபோனை எடுத்துட்டு, புது செல்ஃபோன்ல நம்பரெல்லாம் ஏத்திக் குடுத்துட்டு வந்தேன்."

"நம்பர் இருக்கா?"

இருந்தது. மார்லீ எழுந்து நின்று அழைத்தாள். ஊருக்கு நடுவில், கோர்ட் வாசலில், அவள் ஃபோனில் டவர் முழுசாக இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. நீங்கள் அழைத்தவரை இப்போது தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு இயந்திரக் குரல் சொன்னது. மார்லீ துண்டித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே குரல்.

"இந்த அம்மாவைக் கடைசியா யார் பார்த்தா?" என்று கேட்டாள்.

லானிக்குத் தெரியவில்லை. டிரக்கின் சாவியை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.